யார் வீட்டுப் பிள்ளை

திங்கட்கிழமை மாலை ஜெபத்துக்கான இரண்டாவது மணி அடித்து ஓய்ந்ததும் வீட்டில் எல்லோரும் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார்கள். ஃபிலிப்போ ஜெபம் சொல்லி முடித்தான். வழக்கம்போலப் பிள்ளைகள் கடைக்குட்டியிலிருந்து வரிசையாக வசனம் சொன்னார்கள். மூன்று வயது லாங்கி மூன்றே சொல்லில் முடிகிற அவளுடைய வசனத்தை மழலையாகச் சொன்னாள். ஆறு வயது சாமு மூச்சுவிடாமல் ஒப்பித்துத் தள்ளினான். ஒன்பது வயது ஏலிசி பாதிரியார் மாதிரி இழுத்து இழுத்துச் சொன்னாள். ஆமென் சொல்லப் பெனினா வாயைத் திறந்தபோது, நாலாவதாக ஒரு பிள்ளை வசனம் சொல்ல ஆரம்பித்தது.

பெனினா பெற்றது மூன்று. அதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

ஜெபவேளையில் கண்ணைத் திறந்தால் பிள்ளைகளின் தொடையைக் கிள்ளுகிறவள் அவள்தான். அதனால் இறுக்க மூடிக்கொண்டே கேட்டாள். கடல் பவழப்பாறைத் தடுப்பில் மோதி இரைகிற சத்தம், தகரக் கூரையில் தங்கியிருந்த மழை ஒவ்வொரு சொட்டாகத் தொட்டியில் விழுகிற சத்தம், சீமைப்பலா மரத்தில் அடைந்த கோழிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு முனகுகிற சத்தம், இவற்றுக்கு நடுவில் தொண்டை கட்டிய அந்தக் குரல் இருட்டில் செருப்பைத் தேடுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகத் தடவித் தடவி எடுத்தது. பெட்டியில் ஈரத்தோடு மடித்து வைத்து மறந்துபோன துணியின் வாடை பாயின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. குரல் நின்றது. எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

கண்ணைத் திறந்தாள். தூணை ஒட்டி, சாமுவுக்குப் பின்னால், ஒரு சிறுமி. சாமு உயரம் இருப்பாள். தலை நனைந்திருந்தது. நிறம் போன ஒரு துணியை அக்குளில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாள். தட்டைப் பார்த்தாளே தவிர யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஃபிலிப்போ அந்தப் பிள்ளையைப் பார்த்தான், பெனினாவைப் பார்த்தான், சோற்றுப் பானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பெனினா எழுந்துபோய் இன்னொரு தட்டு கொண்டுவந்தாள்.

வேறு என்ன செய்வாள்? அந்த ஊரில் பிள்ளைகளுக்கு வேலி கிடையாது. அத்தை வீட்டில் தின்பார்கள், சித்தப்பா வீட்டில் தூங்குவார்கள், பிள்ளை இல்லாத பெரியம்மாவுக்கு இரண்டு வருஷம் பிள்ளையாக இருந்துவிட்டு வருவார்கள். பெனினாவே பத்து வயதுவரை அத்தையைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். பாயில் வந்து உட்கார்ந்த பிள்ளையை, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பது அதன் கன்னத்தில் அறைவதைவிடக் கேவலம். அப்படிக் கேட்டவளின் பெயர் மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் நாறிவிடும்.

போன வாரம்தான் ஃபிலிப்போவின் அக்கா மாலியாவின் புகுந்த வீட்டில் ஒரு சாவு. இரண்டு வண்டி நிறைய ஆட்கள் வந்து, தின்று, அழுது, போனார்கள். அதில் யாரோ பிள்ளையை விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மாலியாவின் வீடு கொல்லையில் முப்பது அடி தள்ளி. நடுவில் மாமனாரின் சிமென்ட் சமாதி. அதன்மேல்தான் துணி காயப்போடுவார்கள்.

மறுநாள் துணி காயப்போடும்போது மாலியாவிடம் லேசாக வாயைப் பிடுங்கிப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு அங்கே படுக்க இடம் பற்றவில்லையா, இங்கேயே கிடக்கிறார்களே என்று சிரித்தபடிதான் கேட்டாள்.

மாலியா ஈரத் துண்டை உதறினாள். "ஏன், சோத்துக்குக் கணக்கு வச்சிருக்கியா? உங்க தீவுல தலையை எண்ணித்தான் உலை வைப்பாங்களோ?"

பெனினாவுக்கு முகம் சுண்டிவிட்டது. பத்து வருஷமாக இதே பேச்சுதான். சவாயித் தீவிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள், அவள் அடுப்பு ஊதினால் புகை கூட இந்த ஊர்ப்புகை இல்லை என்பார்கள். மாலியாவின் இரண்டு தடியன்கள் தினமும் இவள் வீட்டுக் கோக்கோவைக் குடித்துத் தீர்ப்பதை அவள் என்றைக்காவது சொல்லிக் காட்டியிருக்கிறாளா? வாயைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டாள். இனி அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று முடிவு கட்டினாள். அந்த ரோஷத்தைத்தான் பிற்பாடு நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தப் பிள்ளை தொந்தரவே இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. அழாது, கேட்காது, ஓடாது. லாங்கி எங்கே போனாலும் நாலடி தள்ளி நிற்கும். லாங்கி கோழியை விரட்டினால் அது விரட்டாது, லாங்கியின் கால்களைப் பார்க்கும். லாங்கி சிரித்தால் அதன் உதடு மட்டும் கொஞ்சம் விரியும், பிறகு மூடும், மறுபடி விரியும். பாத்திரம் தேய்த்துக்கொண்டே பெனினா அதைக் கவனித்தாள். அவளுக்குக் கை கூசியது. பிள்ளைதானே, கூச்சப்படுகிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை மாலை ஜெபத்தில் லாங்கியின் வசனம் கணீரென்று வந்தது. ஒரு பிசிறு இல்லை. பெனினா கண்ணை மூடியபடியே சந்தோஷப்பட்டாள். அதன் பிறகு சாமு, ஏலிசி. கடைசியில் அந்த நாலாவது முறை. நீண்ட மௌனம். பிறகு தொண்டை கட்டிய குரலில், "எனக்கு மறந்துபோச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

அது லாங்கி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வந்தது.

கண்ணைத் திறந்தபோது லாங்கி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை ஃபிலிப்போவின் முழங்காலை ஒட்டி நெருங்கி உட்கார்ந்திருந்தது. அவன் தன் தட்டிலிருந்து மீன்துண்டை எடுத்து முள் நீக்கி அதன் வாயில் வைத்தான். லாங்கிக்கு மட்டும்தான் அவன் அப்படி ஊட்டுவான். பாவம், விருந்தாளிப் பிள்ளை என்று செய்கிறான். நல்ல மனசு என்று பெனினா நினைத்துக்கொண்டாள். லாங்கிக்கு அவள் ஊட்டப் போனபோது அவள் வாயைத் திறக்கவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. வெறும் ஈரமாக இருந்தது.

வெள்ளை ஞாயிறுக்கு இன்னும் மூன்று வாரம். கோயிலில் எல்லாப் பிள்ளைகளும் வெள்ளை உடுத்தி ஊரின் முன் நின்று வசனம் சொல்கிற நாள். வியாழக்கிழமை மதியம் பெனினா கைத்தையல் இயந்திரத்தைச் சன்னலோரம் போட்டு லாங்கியின் கவுனைத் தைத்தாள். மாலியா வந்து உட்கார்ந்து, போன வருஷம் நீ தைத்த கை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றதே என்று ஆரம்பித்தாள். அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே, பெனினா பிள்ளையை இழுத்து நிறுத்திக் கவுனைத் தலைவழியாகப் போட்டாள். தோள் பொருந்தியது. இடுப்பு பொருந்தியது. கீழே மடிப்பு பிடித்துக் குண்டூசி குத்தினாள். மாலியா வாயாரச் சொன்னாள், இந்தத் தடவை அளவு கச்சிதம் என்று.

அப்போது இயந்திரத்தின் மேசைக்கு அடியில் ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தாள். லாங்கி அங்கே உட்கார்ந்து நூல்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பெனினா நிமிர்ந்தாள். கவுனுக்குள் நின்றது அந்தப் பிள்ளை. திங்கட்கிழமை சாமு உயரம் இருந்த பிள்ளை. கைகளைத் தூக்கியபடி, லாங்கி நிற்பதுபோலவே வலது பாதத்தை உள்பக்கம் வளைத்து நின்றது. ஈரத்துணி வாடை இல்லை. தேங்காய் எண்ணெயும் வேர்வையும் கலந்த வாடை, லாங்கியின் உச்சந்தலையில் அவள் தினமும் முகர்கிற வாடை, அதன்மேல் இருந்தது. வாயிலிருந்த குண்டூசி ஒன்று நாக்கில் குத்தியது.

நான்தான் திங்கட்கிழமை சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள். இருட்டு நேரம். ஈரத்தலை பிள்ளையை உயரமாகக் காட்டியிருக்கும். இப்படி இரண்டு காரணம் கிடைத்ததும் மனம் சமாதானமாகிவிட்டது. மனத்துக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனாலும் அன்றிலிருந்து கொசுவலைக்குள் லாங்கியைத் தன்னோடு சேர்த்துத் தாவணியால் கட்டிக்கொண்டு தூங்கினாள். ஃபிலிப்போ அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏன் என்று அப்போது புரியவில்லை.

சனிக்கிழமை மதியம் எல்லோரையும் ஊற்றுக்குளத்துக்குக் கூட்டிப்போனாள். திங்கட்கிழமையிலிருந்து அவள் நெஞ்சுக்குள் கனத்துக்கொண்டிருந்தது குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் இறங்கியது. தலைக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியபடி, மடியில் பிள்ளையை இருத்தி முதுகு, கை, கால் என்று தேய்த்தாள். இடது கெண்டைக்காலில் கட்டைவிரல் அந்தத் தழும்பைத் தொட்டது. போன வருஷம் கொதிக்கிற கோக்கோ கொட்டியது. வழவழவென்று, உள்ளங்கையில் பாதி அளவு. அதைத் தொட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. என் தங்கமே, என் கண்ணே என்று அந்தக் காலை எடுத்து முத்தமிட்டாள். இது என் பிள்ளை. எத்தனை பேர் வந்தாலும் இது என் பிள்ளை.

தண்ணீரை மொண்டு முகத்தில் ஊற்றிக் கண்ணைத் திறந்தாள்.

லாங்கி எதிரே கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். காய்ந்த தலை. காய்ந்த உடம்பு. தன் முறைக்காகக் காத்துக்கொண்டு, சத்தமில்லாமல். அவளுடைய இடது கெண்டைக்கால் வெறுமையாக இருந்தது. தழும்பு இல்லை. தழும்பு இருந்த இடமே இல்லை.

மடியில் இருந்தது அண்ணாந்து அவளைப் பார்த்துச் சிரித்தது. கன்னத்தில் லாங்கிக்கு விழுகிற குழி.

பெனினா அதைத் தண்ணீரில் தள்ளிவிட்டாள். யோசிக்கவில்லை. கை தானாகத் தள்ளியது. ஏலிசி அலறிக்கொண்டு பாய்ந்து அதைத் தூக்கினாள். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் பார்வையே போதும்.

திரும்பி வரும் வழியில் கடையில் நின்றாள். கடைக்காரி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தாள். லாங்கியின் முன்னால் வந்ததும் கை நின்றது. லாங்கி பிறந்தபோது கோழி அடித்துக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தவள் அவள்.

"பாவம், இப்படி மெலிஞ்சு கெடக்கே. உங்க அக்கா வீட்டுப் பிள்ளையாம்மா?" என்று கேட்டாள்.

பெனினா லாங்கியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீடுவரை ஓட்டமும் நடையுமாக வந்தாள். பிள்ளையிடம் கனமே இல்லை. இடுப்பில் துணிமூட்டையை வைத்த மாதிரி இருந்தது.

இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். கேட்டுவிட வேண்டும். ஊர் காறித் துப்பட்டும், மாலியா ஏசட்டும், கேட்கக்கூடாத அந்தக் கேள்வியை எல்லோர் முன்னிலும் கேட்டுவிட வேண்டும். கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. அப்போது எல்லோருக்கும் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து மண்ணடுப்பைப் பிரித்தார்கள். சுட்ட சேம்பும், தேங்காய்ப்பாலில் வெந்த கீரைப்பொதியும், பன்றிக்கறியும் வாழையிலையில் வந்தன. மாலியா குடும்பமும் வந்து உட்கார்ந்தது. ஃபிலிப்போவின் மடியில் அது உட்கார்ந்து கீரையைத் தின்றது. லாங்கி பெனினாவின் முதுகுக்குப் பின்னால்.

பெனினா அதைச் சுட்டிக்காட்டினாள். "இது யார் வீட்டுப் பிள்ளை?"

சாமு சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. மாலியா விரல்களை நக்கிவிட்டு, தம்பியை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"லாங்கியைக் கேக்கறியா? உன் பிள்ளையை எங்ககிட்ட யாருதுன்னு கேக்கறியா?"

"இவ லாங்கி இல்ல. இதோ, இவதான் லாங்கி" என்று பின்னாலிருந்தவளை முன்னே இழுத்தாள்.

ஃபிலிப்போ சேம்பை இலையில் வைத்தான். அவன் சத்தம் போடுகிறவன் இல்லை. அன்றும் போடவில்லை. "பெனி, ஒரு வாரமா நான் வாயைத் தொறந்தேனா? உங்க ஆளுங்க சாவுக்கு வந்துட்டு விட்டுட்டுப் போனாங்கன்னு நெனச்சேன். இருந்துட்டுப் போகட்டும்னு சோறு போட்டேன். நீ என்னடான்னா ராத்திரியெல்லாம் அதைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தூங்கற, பெத்த பிள்ளையைக் குளத்துல தள்ளற."

பிறகு மாலியா எல்லாவற்றையும் கொட்டினாள். வந்த அன்றே கேட்டிருக்க வேண்டும், மரியாதைக்காகச் சும்மா இருந்தார்களாம். உன் பக்கத்துப் பிள்ளையை நாங்கள் எப்படிக் கேட்பது என்றிருந்தார்களாம். இந்த ஊர்க்காரர்களுக்கு மானம் இருக்கிறதாம். ஏலிசி அழுதுகொண்டே வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "லாங்கியை ஏம்மா யாருன்னு கேக்கற? அவ பயப்படறாம்மா" என்றாள். பெனினா வயிற்றில் பத்து மாதம் கிடந்த முதல் பிள்ளை அவள். அவள் கண்ணில் பொய்யே இல்லை.

தழும்பைக் காட்டச் சொன்னார்கள். அது காலை நீட்டியது. இருந்தது.

நாளைக் காலை முதல் படகில் அனுப்பிவிடுவது, அதுவரை பாதிரியார் வீட்டில் விடுவது என்று முடிவானது. மாலியா எழுந்து வந்து லாங்கியின் கையைப் பிடித்தாள். பெனினா மாலியாவின் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். உப்பும் புகையும் ரத்தமுமாக நாக்கில் பட்டது. இவளை விடு, கொஞ்சநேரம் தூங்கி எழுந்தால் தெளிந்துவிடுவாள் என்று ஃபிலிப்போ அக்காவைக் கூட்டிப்போனான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே படுத்துவிடும். பெனினா லாங்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அக்கரையில், சவாயியில், அவளுடைய அக்கா பெரீசே இருக்கிறாள். லாங்கியை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கித் தொப்புள்கொடி அறுத்தவள். அவள் பார்த்ததும் சொல்லிவிடுவாள். ஒரே ஒருத்தி சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. படகுத்துறைவரை நடக்க வேண்டும், விடியும் முன் போய்விடலாம்.

நடந்தாள். தார்ச்சாலை சுட்டது. பிறகு சுடவில்லை. தென்னைகளின் நிழல் சாலையைத் தாண்டி நீண்டது. பிள்ளையிடம் பேசிக்கொண்டே வந்தாள். நீ லாங்கி. உன் அப்பா ஃபிலிப்போ. உன் அண்ணன் சாமு. நீ பிறந்த அன்று மழை. சொல்லு, நீ யார்? லாங்கி முதலில் சொன்னாள். இரண்டாவது ஊரைத் தாண்டும்போது தலையை மட்டும் ஆட்டினாள். மூன்றாவது ஊரில் இறங்கி நடக்கிறேன் என்றாள். கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் கை ஈரமாக இருந்தது.

அந்த ஊருக்குள் நுழையும்போது முதல் மணி அடித்தது.

சாலையின் இருபுறமும் வீடுகள். சுவரில்லாத வீடுகள். விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. எரிந்த தேங்காய்மட்டையின் புகை தரையோடு தவழ்ந்து வந்தது. பிள்ளைகளைக் கூப்பிடுகிற அம்மாக்களின் குரல். வேகமாக நடந்தாள். ஊர் முடிகிற இடம் தெரியவில்லை. தாண்டிவிடலாம். தாண்டிவிடலாம்.

இரண்டாவது மணி.

எல்லாச் சத்தமும் நின்றது. நாய்கூடக் குரைக்கவில்லை. சாலையோரம் தடிகளோடு காவல் நிற்கிற ஊர் இளைஞர்கள் எங்கிருந்தோ முளைத்தார்கள். ஒருவன் கையைக் காட்டினான். ஜெபவேளையில் நடக்கக்கூடாது. உட்கார வேண்டும். அது எல்லா ஊருக்கும் ஒன்றுதான். அவள் புல்லில் உட்கார்ந்தாள். லாங்கியைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். கையை விடவில்லை.

"கொஞ்ச நேரம்டா தங்கம். நீ யாரு, சொல்லு."

பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தது. வழியில் யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல, மரியாதையாக.

"அத்தை, உங்க வீடு எங்க இருக்கு?" என்று கேட்டது. தொண்டை கட்டிய குரல். "எனக்குப் பசிக்குது. யாரு வீட்டுக்காவது போலாமா?"

பெனினாவின் விரல்கள் தளர்ந்தன. ஒரு கணம்தான். சத்தியமாக ஒரு கணம்தான். ஈரமான கை வழுக்கிக்கொண்டு போனது.

எழுந்தாள். தடி குறுக்கே வந்தது. அவன் சின்னப் பையன், பணிவாகத்தான் பேசினான். "உக்காருங்கக்கா. மூணாவது மணி அடிக்கட்டும்."

"என் பிள்ளை. அந்தா போறா, என் பிள்ளை."

அவன் திரும்பிப் பார்த்தான். "அதுவா? அது வீட்டுக்குப் போகுதுக்கா."

தடிக்கு மேலாகக் கத்த வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. நாக்கு நுனியில் இருந்தது. சாயங்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்த பெயர். யோசித்தபோது, வீட்டில் வெள்ளைக் கவுனோடு நிற்கிற பிள்ளையின் முகம்தான் வந்தது.

சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. விளக்கடியில் அப்பாவும் அம்மாவும் நாலு பிள்ளைகளும் வட்டமாக, கண்களை மூடிக்கொண்டு. சிறிய உருவம் ஒன்று கொல்லைப்பக்கம் போனது, தொட்டித் தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டது, படியேறியது. தூணை ஒட்டி, பாயின் கோடியில் உட்கார்ந்தது. கடைக்குட்டி வசனம் சொன்னது. பிறகு அடுத்தது. அடுத்தது. நாலாவது. எல்லோரும் சொல்லி முடித்தபின், இன்னொரு குரல்.

ஆமென்.

அந்த வீட்டுக்காரி கண்ணைத் திறந்தாள். பாயின் கோடியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் இன்னொரு தட்டு எடுத்துவந்து, சோறு வைத்து, ஒரு வார்த்தை கேட்காமல் அதன் முன்னால் நகர்த்தினாள்.

அவர்களுடைய கடைக்குட்டி, இரண்டு வயது இருக்கும், சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் புதுப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தது. புதுப் பிள்ளையின் உதடு கொஞ்சம் விரிந்தது, மூடியது, மறுபடி விரிந்தது.